காலண்டர் மாட்டிய இடம்

தூத்துக்குடியிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, வேலம்பாளையத்தில் வாடகைக்குக் குடியேறிய புதிது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணிதானே என்று அடித்துவிட்டேன். சுவருக்குள் போன குழாய் ஓட்டையாகி, தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு, காலி பண்ணச் சொல்லிவிடுவாரே என்று பதறி அலறினேன்.

என் அலறல் கேட்டு, மாடியில் இருந்த அவர் மனைவி வால்வை மூடிவிட்டு, கையில் எம்சீலோடு இறங்கி வந்தார். அதைப் பிசைந்து ஓட்டையை அடைத்துவிட்டு, "காஞ்சதும் காலண்டர அதுமேலயே மாட்டிக்க கண்ணு. எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லிப்போடாத" என்றார்.

மறுநாள் நன்றி சொல்ல மாடிக்குப் போனேன். அவர்கள் வீட்டிலும் அதே இடத்தில்தான் காலண்டர் தொங்கியது. போன உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது.