என் தகப்பனை அடக்கிய மீரான் மாமா

செய்தி வந்தபோது நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வவுனியாவிலிருந்து காலையில் வரும் பஸ்ஸின் கொண்டக்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸைச் சந்தியில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார். "ரீச்சர், மீரான் காக்கா விடியப்புறம் மௌத்தாப் போனார். அசருக்கு அடக்கமாம். மாமி உங்களுக்குச் சொல்லச் சொன்னவா" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார்.

அசர் என்றால் பின்னேரத் தொழுகை. அதற்குள் கிளிநொச்சியிலிருந்து ஓமந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். தலைமை ஆசிரியரிடம் லீவு கேட்டேன். "சொந்தமோ?" என்றார். "ஓம்" என்றேன். "என்ன முறை?" என்றார். செத்தவரின் பெயரைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விளக்கம் சொல்ல அன்று நேரமிருக்கவில்லை. இப்போது சொல்கிறேன், அவரும் வாசிக்கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன கிழமை வாசிகசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மீரான் மாமாவை "அமைதியே உருவானவர்" என்று சொன்னார். அவரை அறிந்த நீங்கள் சிரித்திருப்பீர்கள். மீரான் மாமா ஒரு கதிரையில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொக்கிளாய்க் கருவாட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக நின்றபடியே நிறுப்பார், கதைப்பார், தேத்தண்ணீர் குடிப்பார். "இறங்குங்கோவன் நானா" என்று அம்மா சொன்னால், "இறங்கினா ஏற மனம் வராது தங்கச்சி" என்பார். அமைதியாம். கூட்டங்களில் பேசுகிறவர்கள் செத்தவரைப் பற்றி யாரிடமாவது விசாரித்துவிட்டுப் பேசினால் நல்லது.

என் தகப்பன் தில்லையம்பலமும் அவரும் ஒன்றாக வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். குளம் வற்றி வயல் எல்லாம் கருகிப்போன வருடம் அது. வவுனியாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஒரே வண்டிலில் போயிருக்கிறார்கள். மிசிர் என்கிற எகிப்து நாட்டில் இரண்டு பேருக்கும் சாமான் லொறி ஓட்டுகிற வேலை. அங்கே ஒரு நாள் குண்டு விழுந்தது. மாமா திரும்பி வந்தார், அப்பா வரவில்லை. அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். அதனால் அப்பாவின் முகம் என் நினைவில் இல்லை. இருப்பது அம்மா சொன்ன முகந்தான்.

உலக யுத்தம் முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். "என்ரை கையாலைதான் தங்கச்சி அடக்கினனான்" என்று சொல்லி, முற்றத்தில் இங்கும் அங்குமாக நடந்தாராம். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். "ஆரும் தேவாரம் சொன்னவையோ நானா?" மாமா படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம், சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னது" என்றாராம். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அத்தனை வருடமும் இருந்தார்.

பிறகு என் படிப்பு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. படிப்பு இலவசம் என்று அரசாங்கம் சொன்னது உண்மைதான். விடுதிச் சோறு இலவசமில்லையே. அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அடுப்பு எரிந்தது. யுத்தத்தில் செத்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்க ஒரு நிதி இருக்கிறது என்று மாமாதான் எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஊர்த் தலைவரான விதானையார் மூலம் விண்ணப்பம் போனது. நான் விடுதிக்குக் கொண்டுபோகிற தகரப்பெட்டிக்கு அம்மா புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் அம்மாவோடு போனேன். அந்த உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை. ஆனால் மேசையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கதைக்கிற ஆள். "பேர் உம்முடைய புருசன்ரை பேர்தான். ஆனா ஆளை இஸ்லாமிய முறைப்படி அடக்கினதெண்டு பட்டாளம் சொல்லுது. அப்ப ஆள் மதம் மாறியிருக்கு. மாறின ஆள் அங்கை வேறை கலியாணம் செய்திருந்தா? அந்தப் பிள்ளையளுக்கும் பங்கு போகவேணும். உம்மட்டைக் கலியாணப் பதிவும் இல்லை." எங்கள் பக்கத்தில் அந்தக் காலம் யார் கலியாணத்தைப் பதிந்தார்கள்? தாலி கட்டிச் சோறு கொடுத்தால் அதுதான் கலியாணம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு நொந்தது.

ஊருக்குக் கதை எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. தில்லையம்பலம் தொப்பி போட்டு மிசிர்க்காரியைக் கட்டினவனாம் என்று கிணற்றடியில் சொன்னார்கள். அம்மா அந்தக் கிணற்றுக்குப் போவதை நிறுத்தினார். "உன்ரை படிப்பு வேண்டாம் பிள்ளை, இந்தக் காசைக் கேட்டுத்தான் இவ்வளவும்" என்று தகரப்பெட்டிக்குள் நெல்லைக் கொட்டி வைத்தார். தவணை தொடங்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போகாவிட்டால் என் இடத்துக்கு வேறொருத்தி வருவாள். யாரென்று தெரியாத அந்தப் பிள்ளையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று நித்திரை வரவில்லை.

அந்தக் கிழமை கருவாட்டோடு வந்த மாமாவிடம் அம்மா இதைச் சொன்னார். மாமா சைக்கிளை விட்டு இறங்கினார். ஸ்டாண்ட் போட மறந்து இறங்கியதில் சைக்கிள் சரிந்து கருவாடெல்லாம் மண்ணில் கொட்டியது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அது என்ரை வேலை தங்கச்சி. அவன் மாறவுமில்லை, கலியாணம் செய்யவுமில்லை. திருநீறும் பூசிக்கொண்டுதான் லொறி ஏறினவன். அண்டைக்கு உங்கடை ஆக்கள் ஒருத்தரும் எங்களோடை இல்லை. வெய்யில். மேலை விமானம் சுத்துது. கெதியாய் மூடு, மூடு எண்டு கத்துறாங்கள். சும்மா மண்ணைத் தள்ளி மூட எனக்கு ஏலாமப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச தொழுகையை வைச்சன். கூட நிண்ட எங்கடை பொடியள் பின்னாலை வரிசையா நிண்டாங்கள். அதைப் பாத்துத்தான் பட்டாளத்துக்காரன் அப்பிடிப் பதிஞ்சிட்டான்."

அம்மா மண்ணில் கிடந்த கருவாட்டைப் பார்த்தார். பிறகு, "தேவாரம் சொன்னதெண்டியள்" என்றார்.

"நீங்கள்தான் அப்பிடிக் கேட்டியள். இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அம்மா எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா முற்றத்தில் நடந்தார். வேலி வரை போவார், திரும்புவார். நான் கருவாட்டைப் பொறுக்கி மண்ணைத் தட்டிப் பெட்டியில் போட்டேன். எனக்கு அம்மாவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, இந்த மனிதரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் படிப்பு போய்விடப்போகிறதே என்ற பதைப்பு. கடைசியில் அவர் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார்: "கச்சேரியிலை நானே வந்து சொல்லுறன். பிள்ளையின்ரை பெட்டிக்குள்ளை இருக்கிற நெல்லை எடுங்கோ."

சொல்வது லேசு. உத்தியோகத்தர் மாமாவின் வார்த்தை மட்டும் போதாது என்றார். தில்லையம்பலம் மதம் மாறியவர் இல்லை என்று பள்ளிவாசலிலிருந்தும் ஒரு பெரியவர் வந்து சொல்ல வேண்டும் என்றார். அதாவது மாமா தன் சொந்த ஊர்ப் பள்ளிவாசலில் போய், சைவக்காரன் ஒருவனுக்குத் தான் ஜனாஸா என்கிற இறுதித் தொழுகை நடத்தியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்களுடைய முறைப்படி அது செய்யக்கூடாத காரியம். அது மாமாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் செய்தார், தெரிந்துதான் அத்தனை வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முஅத்தின் இல்லாத நாட்களில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவர் அவர்தான். நல்ல குரல். அந்த மரியாதை போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

போய்ச் சொன்னார். பேச்சு வாங்கினார். பாங்கு சொல்வதை நிறுத்தச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் சிலர் அவரிடம் கருவாடு வாங்குவதையும் விட்டார்கள். இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை, மாமி சொல்லித்தான் தெரியும்.

கச்சேரிக்கு நாங்கள் போனபோது மாமாவோடு அந்த ஊர்ப் பள்ளிவாசல் லெப்பையும் வந்தார். வெள்ளைத் தாடி, மெலிந்த உருவம். உத்தியோகத்தர் மாமாவை இருக்கச் சொன்னார். மாமா இருக்கவில்லை. மேசையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார்.

"நிண்டு சொல்லும் காணும்" என்றார் உத்தியோகத்தர். "சைவ ஆளெண்டு தெரிஞ்சும் ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"ஐயா, அவன்ரை தேவாரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

அன்றுதான் அந்த உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தினார். பிறகு லெப்பையைப் பார்த்தார். லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவர் செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன். எங்களுக்கு அது பிழைதான். ஆனா செத்தவர் எங்கடை ஆள் இல்லை. அவர் சைவமாத்தான் செத்தவர். இந்தப் பிள்ளை அவருடைய பிள்ளை. பிள்ளையின்ரை படிப்பை மறிக்கிற பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்றார். எனக்கு ஓடிப்போய் அந்தக் கிழவரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

நிதி கிடைத்தது. தகரப்பெட்டியிலிருந்து நெல்லை வழித்தெடுத்து, நான் அதில் உடுப்பு அடுக்கினேன். விடுதியில் முதல் தவணை முழுவதும் என் பாவாடைகளில் உமி ஒட்டியிருந்தது. பிறகு ஆசிரியர் பயிற்சி வரைக்கும் அந்த நிதிதான் என்னைப் படிப்பித்தது. அப்பாவின் உயிருக்கு விலை கொடுக்கிறார்களா என்று பயிற்சிக் கல்லூரியில் ஒருத்தி கேட்டாள். நல்லாக ஏசிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. விடுதியில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம், அப்பா இல்லாததால்தான் இந்தச் சோறு என்ற நினைப்பு வரும். இப்போதும் சாப்பாட்டை நான் அவசரமாகத்தான் முடிப்பேன்.

அம்மா மட்டும் கொஞ்சக் காலம் மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கருவாட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்பாவின் திவசம் வந்தது. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். படைத்து முடித்தபின் அம்மா வாழையிலையில் சோறு போட்டு, படலையடியில் வழக்கம்போல ஒரு காலூன்றி நின்ற மாமாவிடம் தானே கொண்டுபோனார். கொண்டுபோனவர் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்டைக்கு அவரை அடக்கேக்கை நீங்கள் சொன்னதுக்கு என்ன கருத்து நானா?"

மாமா பெடலிலிருந்து காலை எடுத்தார். "மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறது தங்கச்சி. செத்தவையையும் மன்னி, உசிரோடை இருக்கிறவையையும் மன்னி. இஞ்சை நிக்கிறவையையும் மன்னி, தூரத்திலை இருக்கிறவையையும் மன்னி எண்டு."

"தூரத்திலை இருக்கிறவை எண்டா, அதுக்குள்ளை நானும் பிள்ளையும் வாறம்தானே?"

"ஓம் தங்கச்சி. வாறியள்."

"அப்ப சரி" என்று அம்மா இலையை நீட்டினார். மாமா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வாசற்படியில் குந்தியிருந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டார். நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அவர் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவும் போய்விட்டார். மாமா அவருடைய செத்தவீட்டில் சுடலை வரை நடந்து வந்தவர். அன்று அவரும் போக, நான் கிளிநொச்சிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ் மாங்குளத்தில் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லையாம். சாரதி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். நான் பஸ்ஸுக்குள் ஏறினேன், இறங்கினேன், தெருவில் நடந்தேன். "இருங்கோ ரீச்சர், நடந்தா பஸ் ஓடுமே?" என்று ஒருவர் கேட்டார். மாமாவாக இருந்தால் இந்நேரம் யாருடைய சைக்கிளையாவது பறித்துக்கொண்டு புளியங்குளம் தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். அழுகை வந்தது அப்போதுதான்.

போய்ச் சேர்ந்தபோது அவரைச் சுமந்த சந்தூக்கு போய்விட்டது. ஆண்கள் எல்லோரும் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் வட்டமாக இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமி சுவரோரம் வெள்ளை உடுத்து இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இருந்தேன். இருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

"ஏன் மகள் நிண்டு நிண்டு தவிக்கிறாய்? இரு" என்றார் மாமி.

"எனக்கு ஓதத் தெரியாது மாமி."

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. அவர் உன்ரை வாப்பாவுக்கு அப்பிடித்தானே செய்தவர்."

அறையின் மூலையில் இருந்து, வாய்க்குள்ளேயே தேவாரம் ஒன்றைத் தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து சொன்னதுதான், ஆனாலும் பாதியில் அடி மறந்துபோய் நின்றேன். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தேன். மாமி கண்ணை மூடியபடி, "ஆமீன்" என்றார்.

மாமாவின் சைக்கிளை மருமகன் எடுத்துக்கொண்டார். தராசு இன்னும் குசினிச் சுவரில் தொங்குகிறது. அவர் எனக்கென்று விட்டுப்போனது நான் செய்கிற இந்த வேலை. அதோடு மாமி சொன்ன அந்த ஆமீனையும் நான் வைத்துக்கொள்கிறேன்.