பூசணிக்குள் ஏற்றிய மெழுகுவத்தி

என் தங்கைக்கு வயிற்றில் கட்டி. பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவளுடைய ஒன்பது வயது மகளைக் காரைக்காலில், கோவில்பத்திலிருக்கும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார் தங்கை கணவர். வந்ததிலிருந்து குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, "போதும் பெரியம்மா" என்று எழுந்துவிடுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாப்பிடாத பிள்ளையை எப்படிச் சாப்பிடவைப்பது என்று எனக்குத் தெரியாது, அதட்டத்தான் தெரியும். என் கணவருக்கு அதுவும் வராது. "வாம்மா" என்று வரவேற்றதோடு அவர் பேச்சு முடிந்துவிட்டது.

பெங்களூரில் அவர்கள் குடியிருப்பில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் கொண்டாடுவார்களாம், பேய் வேஷம் போட்டு, பூசணியில் முகம் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். இந்த வருஷம் அவள் மட்டும் அங்கே இல்லையாம்.

"பேய்க்கெல்லாமா பண்டிகை?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கே பொறுக்கவில்லை. "சரி, நம்ம வீட்லயே செய்வோம். என்ன வேணும், சொல்லு" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன், கணவருக்கு அலுவலகம் உண்டு. காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் கேட்டு, வலை நூல் சுற்றிவரும் அட்டைக் குழல்களை வாங்கி வைத்திருந்தேன். அவற்றை உயரமும் குட்டையுமாக வெட்டி வெள்ளையடித்தோம். நிஜ மெழுகுவத்தியைக் கொளுத்தி, குழல்களின் விளிம்பில் மெழுகை வழியவிட்டோம். தீபாவளிக்கு விற்கும் பேட்டரி விளக்குகளை உள்ளே வைத்ததும், கூடத்தில் பாதி எரிந்த மெழுகுவத்திகள் வரிசையாக நிற்பதுபோல இருந்தது. என் விரலெல்லாம் கொப்புளம். அவளுக்கு ஒன்றுமில்லை, கெட்டிக்காரி.

அடுத்தது பூசணி. அவள் கேட்டது பரங்கிக்காய். மார்க்கெட்டில் அதைக் கீற்றுப் போட்டு விற்றார்களே தவிர, முழுசாக ஒன்றுகூட இல்லை. ஆயுத பூஜைக்கு வந்து மிஞ்சிய வெள்ளைப் பூசணிதான் கிடைத்தது. முழுப் பூசணியைப் பெண்கள் பிளக்கக் கூடாது என்பார்கள். குடைவது பிளப்பதில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். மேலே வட்டமாக ஓட்டை போட்டுச் சதையை வழித்தெடுத்தோம். கண்ணும் பல்லும் வைத்து முகம் வெட்டினாள்.

"ஆரஞ்சு கலர்ல இருக்கணுமே பெரியம்மா."

சாயத்துக்கு எங்கே போவது? மஞ்சள்தூளில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினோம். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வாசல் கேட்டருகில் வைத்தோம். சுடர் மேல் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது. முதல் தடவையாக அவள் பல் தெரியச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தோசை ஊற்றலாமென்று உள்ளே போனேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு என் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். குடைந்த பூசணி, மஞ்சள், குங்குமம், அரக்க முகம், மேலே நெருப்பு. பிள்ளை சாப்பிடாததற்கு நான் திருஷ்டி கழிக்க ஏற்பாடு செய்துவிட்டு, உடைக்க ஆம்பிளை வரட்டும் என்று காத்திருப்பதாக அவர் முடிவுகட்டிவிட்டார். வாய் திறக்கவில்லை, திருஷ்டி கழிக்கும்போது பேசக் கூடாது. வாசலில் நின்ற பிள்ளையைத் தோளைப் பிடித்துக் கிழக்கே பார்த்து நிறுத்தினார். பூசணியைத் தூக்கி அவளுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். முச்சந்திக்குக் கொண்டுபோய் ஓங்கிப் போட்டார். சத்தம் கேட்டுத்தான் நான் ஓடிவந்தேன்.

அவர் நிதானமாகக் காலைக் கழுவிக்கொண்டு, "இனிமே புள்ள சாப்புடும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னேனோ! மத்தியானம் பூராவும் உட்கார்ந்து குடைந்தது, குழந்தை ஆசையாய் வெட்டிய முகம், உங்களுக்குக் கண் இல்லையா, வாய் இல்லையா, ஒரு வார்த்தை கேட்டால் என்ன. "எனக்கு எப்புடித் தெரியும்? மூணு நாளா இது சாப்புடலையே, அதே யோசனையா வந்தேன்" என்றார். அவர் தட்டைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் பெரியப்பா உடைச்சீங்க?"

"ஒன் மேல கண்ணு பட்டிருக்கும்மா. ஒடைச்சா போயிடும்."

"உடம்பு சரியில்லாதவங்களுக்கும் போகுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போகும்" என்றார்.

"அப்ப அம்மாவுக்கும் ஒண்ணு உடைங்க. நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

அவர் தூறலில் மறுபடி பைக்கை எடுத்துப் போய் ஒரு பூசணியோடு வந்தார். இந்த முறை அவரே குடைந்தார், மெழுகுவத்தியை அவள் ஏற்றினாள். தங்கையை வீடியோவில் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, "என்ன அத்தான் பண்றீங்க?" என்று சிரித்தாள். "பேசாதம்மா" என்று மகள் அடக்கினாள். இரண்டு கையாலும் போனைக் கிழக்கே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் பூசணியைப் போனுக்கு மூன்று முறை சுற்றினார். தங்கை சிரிப்பதை நிறுத்திக் கையைக் கூப்பிக்கொண்டாள்.

முச்சந்திவரை அவர் பின்னாலேயே அவளும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். பூசணி விழுந்து சிதறியது. அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"உடைஞ்சிடுச்சும்மா. இனிமே நீ வந்துடலாம்."