பத்தாவது மாத்திரை யாருக்கு

துபாய் ஜெபல் அலியில் லேபர் கேம்ப்புகளுக்கு நடுவே இருந்த ஃபார்மஸியில் நான் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டி, "பச்சை வந்தா குடு, சிவப்பு வந்தா குடுக்காத. அவ்வளவுதான் வேலை, சிஸ்டர்" என்றார். நாலு வருடம் பி.ஃபார்ம் படித்தவளுக்கு டிராஃபிக் போலீஸ் உத்தியோகம்.

பச்சை என்றால் இன்சூரன்ஸ் அப்ரூவல். வேலைக்கு ஆள் எடுத்தால் இன்சூரன்ஸ் போட்டாக வேண்டும் என்பது இங்கே அரசாங்கச் சட்டம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். தொழிலாளிகளுக்கான அடிப்படை கார்டில் மருந்து விலை நூறு என்றால் எழுபது இன்சூரன்ஸ் தரும், முப்பது நோயாளி தர வேண்டும். அதற்கு கோ-பே என்று பெயர். வருடத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் நூறும் நோயாளி தலையில். இதைத் தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் தினமும் ஒப்பிப்பேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். செல்வம் மட்டும்தான் கேள்வி கேட்டார்.

"அப்ப வருசத்துக்கு இவ்வளவுதான் சீக்கு வரணும்னு ஆர்டரா மேடம்?"

பரமக்குடிப் பக்கத்து ஆள். வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. நான் பில்லை நீட்டினேன்.

இறங்காத சர்க்கரை

செல்வத்துக்கு சர்க்கரை இறங்கவே இல்லை. மாடியில் கிளினிக் வைத்திருந்த ஹைதராபாத் டாக்டர் டோஸைக் கூட்டினார். அப்புறம் இன்னொரு மாத்திரை சேர்த்தார். பிறகு அதையும் கூட்டினார். கூட்டக் கூட்ட செல்வத்தின் முப்பதும் கூடியது, வரம்பும் வேகமாகக் கரைந்தது.

டோஸ் கூட்டுவது எனக்குப் புதிதல்ல. ஷார்ஜா முவைலாவில் எங்கள் வீட்டிலேயே என் வீட்டுக்காரருக்கு பிரஷர் இறங்காமல் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் பங்குக்கு உப்பைக் குறைத்தேன். விசிட் விசாவில் வந்து எங்கள் ஹாலில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த என் அண்ணன், "கொழம்பு சப்புன்னு இருக்குட்டி" என்று முனகுவான்.

ஒரு நாள் செல்வம் வந்தபோது திரையில் சிவப்பு. வரம்பு முடிந்துவிட்டது.

"இனி முழு விலைதான் அண்ணே."

"பரவால்ல மேடம், ஒரு வாரத்துக்கு மட்டும் குடுங்க. அடுத்த வாரம் கம்பெனி மெடிக்கல். சுகர் ஏறி இருந்தா வண்டிய விட்டு எறக்கி, பொட்டி தூக்க விட்ருவாங்க. சம்பளம் பாதியாயிரும். ஊர்ல பொண்ணு காலேஜ் படிக்குது."

"ஒரு வாரத்துல எப்படி எறங்கும்?"

"இந்த ஒரு வாரம் முழுசா போட்டுக்குறேன்ல."

அப்படியென்றால் இத்தனை நாளும்?

"ஒள்ளதச் சொல்லுங்க அண்ணே" என்றேன்.

அவர் பர்ஸிலிருந்து ஒரு ஸ்டிரிப்பை எடுத்து வைத்தார். பத்து குழி. ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவால் ஓர் எழுத்து: செ, மா, அ. செல்வம், மாரி, அந்தோணி. மூவரும் ஒரே அறை, ஒரே மெஸ், ஒரே வியாதி. மாரிக்கு வரம்பு முன்பே முடிந்துவிட்டது. அந்தோணியின் கார்டு இன்னும் ரினியூ ஆகவில்லை. அரிசி பருப்பைப் பங்கிடுவது போல மாத்திரையையும் பங்கிட்டிருக்கிறார்கள்.

"ஆளுக்கு மூணு. பத்தாவது, யாருக்கு ஓவர்டைமோ அவருக்கு" என்றார். பெருமையாகவே சொன்னார். "என் வரம்பு முடிஞ்சா மாரி கார்டு புதுசாயிரும். அப்புறம் அவன் குடுப்பான்."

அரசாங்கம் எழுபது, முப்பது என்று இரண்டு பங்கு போட்டது, இவர்கள் மூன்று பங்கு போட்டிருக்கிறார்கள். டாக்டரோ செல்வம் விழுங்காத மாத்திரையை நம்பி டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அந்த டோஸை இவர் திடீரென்று முழுசாகப் போட்டால், மெடிக்கலுக்கு முன்பே சர்க்கரை சரிந்து ஃபோர்க்லிஃப்டிலிருந்து விழுந்துவிடுவார்.

"மேல வாங்க, டாக்டர்ட்ட சொல்லணும்."

"வேணாம் மேடம்! அடுத்தவனுக்கு மருந்து குடுத்தேன்னு கார்ட புடுங்கிருவாங்க."

பயத்தில் நியாயம் இருந்தது. அது தவறான உபயோகம்தான், என் கவுண்டரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆனாலும் விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்டிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மூன்று பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், ஒரு ஃபீஸ்தான் வந்திருக்கிறது" என்று இந்தியில் அலுத்துக்கொண்டு, டோஸைப் பழைய அளவுக்கே இறக்கினார். மற்ற இருவரையும் வரச் சொன்னார். மெடிக்கலைத் தள்ளிவைக்கும்படி கம்பெனிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

என் பங்கு

பழைய டோஸுக்கு மருந்து எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய கம்பெனி மாத்திரையின் பக்கத்திலேயே அதே மருந்து வேறு பெயரில் இருந்தது. அதன் முழு விலை, செல்வம் மாதாமாதம் கட்டிய முப்பதைவிடக் குறைவு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு மாற்றியிருக்கலாம். பச்சை வந்தது, கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து செல்வம் மெடிக்கலில் தேறினார். ஸ்வீட் டப்பாவோடு வந்தார், சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புத்திதான். மூவருக்கும் தனித்தனி ஸ்டிரிப் கொடுத்தேன்.

ஃபார்மஸிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மருந்து வேலை செய்யவில்லை என்றால், "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். "உங்க மாத்திரையை வேற யார் சாப்பிடுறாங்க?" என்று கேளுங்கள்.

செல்வம் ஸ்டிரிப்பைக் காட்டிய அன்றே இந்தக் கேள்வியை என் வீட்டிலும் கேட்டேன். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நான்தான். கொண்டுவந்த பிரஷர் மாத்திரை தீந்தப்ப நீதானட்டி சொன்ன, மாப்ளைக்க மருந்த போடுன்னு."

சொன்னது உண்மை. இரண்டு நாளைக்கு என்று சொன்னேன். மூன்று மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுவிட்டு ஒருநாள் போதும்னு விட்டேன்" என்றார். "எப்படிச் சொல்ல? ஒனக்க அண்ணன்லா."

செல்வத்தின் அறையிலாவது ஒவ்வொரு குழிக்கும் பெயர் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஸ்டிரிப்பில் அதுகூட இல்லை.