இரண்டாம் பெல்ட்டின் அடியில்

கூட்டேரிப்பட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கல் கிரஷர் இருக்கிறது. அங்கே ஒன்பது வருஷமாகச் சவுரியம்மாளுக்கு ஒரே வேலைதான். இரண்டாம் பெல்ட்டில் ஓடுகிற ஜல்லி கீழே சிந்தும். அதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடவேண்டும். அவள் போடுவாள், அது சிந்தும். இப்படியே மகள் வெனிலாவைத் திண்டிவனத்தில் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

இந்த வருஷம் சிந்தலும் புழுதியும் எல்லை மீறிப்போயின. பக்கத்து மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச்செடியெல்லாம் வெளுத்துப்போக, ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. முதலாளி ஃபிட்டர் தமிழ்மணியைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சிந்தலை நிறுத்தாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றுவிட்டார்.

தமிழ்மணி எல்லாக் கிரஷரிலும் செய்வதைத்தான் செய்தான். கழித்துப்போட்ட பழைய பெல்ட்டை நீளநீளமாக அறுத்து, ஜல்லி விழுகிற இடத்தில் இரண்டு ஓரமும் தடுப்பாக முடுக்கினான். இரண்டு நாள் ஒரு கல் கீழே விழவில்லை. மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. அவனுக்குக் காரணம் பிடிபடவில்லை.

சவுரியம்மாளுக்குப் பிடிபட்டுவிட்டது. அள்ளுகிற குவியலில் கறுப்பு ரப்பர்த் துகள் கலந்திருந்தது. பழைய பெல்ட்டில் வருஷக்கணக்காகப் பதிந்துகிடந்த கல்பொடி, ஓடுகிற பெல்ட்டை அராவி, ஓரத்தில் பள்ளம் பறித்திருந்தது. அந்தப் பள்ளத்தின் வழியேதான் ஜல்லி இறங்கியது. அடியில் குனிந்து நிற்பவளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

சொன்னால் சிந்தல் நிற்கும். சிந்தல் நின்றால் அவளுக்கு வேலை ஏது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? சனிக்கிழமை பகல் முழுக்க வாயைத் திறக்காமல் அள்ளினாள். ஆனால், போன மாசம் அவள் முந்தானை பெல்ட் உருளைக்குள் மாட்டப் பார்த்தபோது, யாரும் கேட்காமலே தன் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கம்பிவலை அடித்துக் கொடுத்தவன் தமிழ்மணி. அவள் உயிரோடு நிற்பதே அவனால்தான். வேலை முடிகிற நேரத்தில் ஒரு கைப்பிடிக் கறுப்புத் துகளோடு அவனிடம் போனாள்.

"தம்பி, பழைய பெல்ட்டுதான் ஓடுற பெல்ட்ட அறுத்துக்கினு இருக்குது. அத்த கழட்டிட்டு வெறும் ரப்பர் போடு."

ஞாயிறு பூசையில் அவனுக்காகவும் வேண்டினாள், தனக்காகவும் வேண்டினாள். அவன் அன்றைக்கே பள்ளத்துக்கு ஒட்டுப்போட்டு, புது ரப்பர் பட்டையை மாட்டி முடித்தான்.

திங்கட்கிழமை பெல்ட் ஓடியது. அடியில் அள்ள ஒன்றுமில்லை. மண்வெட்டியோடு சும்மா நின்றவளை முதலாளி கூப்பிட்டார். நாளையிலிருந்து வராதே என்பார் என்று எண்ணிக்கொண்டே போனாள். தமிழ்மணி முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"நான் கண்டுபுடிக்கலீங்க, அக்காதான் கண்டுபுடிச்சாங்க. தெனமும் அஞ்சு பெல்ட்டையும் அவங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் மோட்டார் போடுவேன்."

முதலாளி சரி என்றார். திட்டுகிற நேரம் தவிர அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை.

மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து கேப்பைக் களியும் குழம்பும் வாயில் வைத்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பல்லில் மண் கடிபடவில்லை. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ்மணிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. குழம்பு காரம்போல என்று அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.