வாய் ஓயாத கிளாடிஸ்

“சாளை மீனை எடுக்கேன். தலையைக் கிள்ளுதேன். இந்தா, தண்ணியில போடுதேன்.” அடுப்படியில் கேட்க ஆளில்லாவிட்டாலும் கிளாடிஸ் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் செய்வாள். தம்பி ரோச் எட்டிப் பார்ப்பான். “ஏக்கா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு.”

தொழில் அப்படி. தூத்துக்குடியில் ஒரு மாடியறையில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். பூத்தையல் வளையத்தில் மெல்லிய துணியைக் கட்டி, உதடு தெரியாதபடி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு “ஆ” என்பாள், “ஷ்” என்பாள். காதுக் கருவி வழியே சத்தம் விழுந்தால் பிள்ளை ஒரு சோழியைக் கிண்ணத்தில் போட வேண்டும். கடற்கரையில் கத்திக் கூப்பிட்டே வளர்ந்த குரலை இந்த அறைக்காகத் தணித்துப் பழகியிருக்கிறாள். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். சொல்லிக் கொடுத்தது சரிதானா என்று ஒவ்வொரு பிள்ளை போன பிறகும் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் ஹாசினிக்கு நான்கு வயது. அறுவை செய்து காதுக்குக் கருவி பொருத்தி ஓராண்டு ஆகிறது. சோழி தப்பாமல் விழுகிறது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கிளாடிஸுக்கு அதுதான் உறுத்தல். அன்று பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் உமாராணியைக் கவனித்தாள். உமாராணி மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், மூக்கைத் துடைத்தாள், கலைந்த முடியை ஒதுக்கினாள். எல்லாம் பேச்சில்லாமல்.

“ஏளா, வீட்லயும் இப்படித்தானா?”

“எங்க வீட்ல தெலுங்குக்கா. ரெண்டு பாஷை பேசுனா பிள்ளைக்குக் கொழம்பிரும், தமிழே பேசுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. பிள்ளையக் கொஞ்ச வாயத் தொறந்தா எனக்குத் தெலுங்குதான் வருது. அதான்... பேசாம இருந்துக்கிடுறேன்.”

“நல்லா இருந்த போ! நீ வாயப் பூட்டிக்கிடுததுக்கா டாக்டர் பிள்ளைக்குக் காதத் தொறந்து விட்டாரு? எந்தப் பாஷையா இருந்தா என்ன, கொஞ்சுததக் கேட்டாத்தானளா பேச்சு வரும்? ஒரு பாஷை வேரூனுச்சுன்னா மத்ததும் வரும். தமிழுக்கு நான் இருக்கம்லா?”

உமாராணிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. “இங்கனயே பேசட்டுமாக்கா? உங்களுக்குப் புரியாதே.”

“என்னையவா கொஞ்சப்போற?”

மகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, உமாராணி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். பூனையைப் பற்றியா, பாலைப் பற்றியா, கிளாடிஸுக்கு விளங்கவில்லை. குரல் மட்டும் இளகிக்கொண்டே போனது. ஹாசினி தலையைத் திருப்பினாள். தாயையே பார்த்தாள். பிள்ளையின் உதடுகள் லேசாகக் குவிந்தன.

தகரக் கூரையை வெயில் காய்ச்சிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், கிளாடிஸ் சத்தமில்லாமல் எழுந்துபோய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.