மூடியில் புது மீட்டர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமா கடையில், கரிப்புகையில் கோழி வேகும் டிரம்மின் மூடியில் சூடு காட்டும் மீட்டர் உடைந்து ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மூடிமேல் பட்டும் படாமலும் கை வைத்துச் சூடு சொல்வது நான்தான். எம்.ஏ. முடித்தும் நகர முடியவில்லை.

இன்று நானே பாரிமுனை போய்ப் புது மீட்டர் வாங்கி வந்து பொருத்தினேன். முள் நூற்றிருபது டிகிரியில் நின்றது.

"மாமா, இனிமே நான் வேணாம். திங்கட்கிழமை பெங்களூர்ல இன்டர்வியூ."

"தாராளமா போடா. இது சரியா காட்டுதான்னு மட்டும் கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். "சரியாத்தான் இருக்கு."

"பாத்தியா, நீ சொன்னாத்தான் நம்பிக்கை வருது. தினமும் இதே மாதிரி பாத்துச் சொல்லிடு."

தவறாகக் காட்டுகிறது என்றிருந்தாலும் என்னை விட்டிருக்க மாட்டார்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள்.