கடைசி ஆளுக்கு முதல் பேச்சு

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. ஊர்க்காவல் படை எடுத்துக்கொண்டது. கன்னியாகுமரிக் கடற்கரையில் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்துவது என் வேலை. முதல் நாள் காலை ரோல்காலில் வரிசையின் கடைசியில் தூக்கக் கலக்கத்தோடு நின்றேன். இன்ஸ்பெக்டர் மேடம் எல்லாரையும் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

“ஸ்டேஷன்ல என்ன சரியில்ல? சொல்லு.”

எஸ்.ஐ. இருக்க, என்னிடமா?

“டீ சரியில்ல மேடம். கழனித் தண்ணிக்கு இதவிட ருசி உண்டு.”

வரிசையே வாயைப் பொத்திச் சிரித்தது. மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் டீக்கடை மாறியிருந்தது.

அதுதான் அவர் வழக்கம். “பெரியவங்க முதல்ல பேசினா மத்தவங்க அதையே திருப்பிச் சொல்வீங்க” என்பார். கடைசி ஆளில் தொடங்கி மேலே போவார்; தான் கடைசியில் பேசுவார். எனக்குத் தினமும் மேடை கிடைத்தது. ஏட்டையாவின் தொப்பை, ஜீப்பின் ஹாரன், எதையும் விடவில்லை.

ஒரு காலை, வேலைக்கு வரும் வழியில் எங்கள் ஊர்க் கரையைப் பார்த்தேன். காற்றே இல்லை. ஆனாலும் ஓர் அலை நிதானமாக ஏறி, மேட்டில் காய்ந்த வலையை நனைத்துவிட்டுப் போனது. சத்தமில்லாமல் வந்து ஆளை இழுக்கும் கள்ளக்கடலோ என்று பயம். ரோல்காலில் சொன்னேன்.

எஸ்.ஐ. சிரித்தார். “ஏலே, நேத்து ஜீப்புக்குப் பேய் பிடிச்சிருக்குன்ன. இன்னைக்கு கடலுக்கா? எச்சரிக்கை ஒண்ணும் வரல்ல மேடம்.”

மேடம் என் முகத்தையே பார்த்தார். “கிண்டலா?”

“இல்ல மேடம். எனக்க அப்பா இன்னைக்கு மீன்பிடிக்க வள்ளம் இறக்கல்ல.”

மேடம் உத்தரவின்படி கரையை மூடினோம். சாயங்காலமாயிற்று. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம். அந்தப் பக்கம் காலடி படாத மணல். கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. சூரியன் கரையக் கரைய, ஆரஞ்சு ரோஜாவாகி, ரோஜா சாம்பலானது. யாரோ கனவு காண, அதற்குள் நான் நிற்பதுபோல் இருந்தது. அலை வரவில்லை. வரவேயில்லை.

பாசிமணி விற்கும் அக்காதான் எழுப்பினார். “எங்கலே மக்கா உனக்க கள்ளக்கடல்? பஸ்ஸ விட்டுட்டுதா? எனக்க ஒரு நாள் ஏவாரம் போச்சே!”

வயர்லெஸ்ஸில் மேலதிகாரி கத்தினார். “யார் சொல்லி மூடினீங்க?”

என் பெயர் மேலிடத்துக்குப் போனால் காக்கிச்சட்டை போச்சு.

“முடிவு என்னோடது சார்” என்றார் மேடம். பிறகு கடை கடையாகப் போய், “இன்னைக்கு உங்க வியாபாரம் என்னாலதான் கெட்டுச்சு” என்றார்.

மறுநாள் ஏட்டையாவின் தொப்பைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அங்கேயும் வந்துவிட்டார்.

“இன்னைக்கு கடல் எப்படி?”

“நேத்து நான் சொன்னது தப்பாப் போச்சு மேடம்.”

“நேத்தையா கேட்டேன்?”

“நல்லாக் கெடக்கு. வள்ளமெல்லாம் இறங்கியாச்சு. திறக்கலாம் மேடம்.”

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. மேடம் எழுதிக்கொண்டார். கயிற்றை அவிழ்த்தோம்.

அதிகாரியாகப் போகிற தம்பிகளே, தங்கச்சிகளே, சரியாகச் சொன்னவனிடம் மறுநாளும் கேட்க எல்லாருக்கும் வரும். தப்பாகச் சொன்னவனிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அலை நிஜமாகவே வருகிற அன்றைக்கு அவன் டீயைப் பற்றித்தான் பேசுவான்.